மூன்றரை நிமிஷ இருட்டுக்காகப் பட்ட பாடு

2024 ஏப்ரல் 8 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்கக் கிளம்புகிறேன் என்று நியூ ஜெர்சியில் நண்பர்களிடம் சொன்னபோது பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இங்கயே தொண்ணூறு சதவீதம் மறையுதே, அதுக்கு எதுக்குய்யா முந்நூறு மைல் போகணும்?" ஊரிலிருந்து பேசிய தம்பி வேறு மாதிரி மடக்கினான். "2019 டிசம்பர்ல நம்ம கோயம்புத்தூர்லயே வளையமா பார்த்தாச்சேண்ணா, அதேதானே?" அப்போது இரண்டு பேருக்கும் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும் என்பதால் எழுதுகிறேன். அதோடு, போய்வந்ததில் ஏகப்பட்ட பணமும் தூக்கமும் போயிற்று. அதில் பாதி, யாராவது முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும்.

முதலில் தம்பிக்குப் பதில். 2019 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் தெரிந்தது கங்கண கிரகணம். அன்று நிலா கொஞ்சம் தள்ளி இருந்ததால் சூரியனை முழுசாக மூட முடியாமல் ஓரத்தில் நெருப்பு வளையம் மிஞ்சியது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வளையம் மிஞ்சும்வரை வானம் பகல் வானம்தான், கிரகணக் கண்ணாடியைக் கழற்றவே முடியாது. தொண்ணூறு சதவீதக்காரர்களுக்கும் அதே பதில். தொண்ணூறு சதவீதம் மறைந்தால் தொண்ணூறு சதவீத அனுபவம் கிடைத்துவிடும் என்று கணக்குப் போடத் தோன்றும். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. சூரியனைச் சுற்றியிருக்கும் கொரோனா என்கிற வெண்ணிற ஒளிப்படலம் மொத்தமும் சேர்ந்து பௌர்ணமி நிலா அளவுக்குத்தான் வெளிச்சம் தரும். சூரியன் 99 சதவீதம் மறைந்தாலும், மிச்சமிருக்கும் அந்த ஒரு சதவீதம் கொரோனாவைவிடக் கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு பிரகாசம். கடைசித் துணுக்கு மறையும்வரை கொரோனா தெரியவே தெரியாது. நிலாவின் முழு நிழல் பூமியில் ஓடும் பாதைக்கு உள்ளே நிற்கிறோமா, வெளியே நிற்கிறோமா என்பதுதான் எல்லாமே. எல்லைக்கு ஐந்து மைல் வெளியே இருந்தால்கூட அந்த ஐந்து மைலை ஓட்டிப் போய்விடுங்கள்.

எந்த ஒரு ஊருக்கும் முழுக் கிரகணம் சராசரியாக 375 வருஷத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. நியூயார்க் நகரம் கடைசியாகப் பார்த்தது 1925 ஜனவரியில், அடுத்தது 2079 மே மாதம். வீட்டு வாசலுக்கு வரும் என்று காத்திருப்பவர்கள் காத்திருக்கலாம்.

வீட்டில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், நண்பர்களுக்குத் திங்கட்கிழமை மீட்டிங். அதனால் தனியாகத்தான் கிளம்ப வேண்டியிருந்தது. முந்தின வருஷமே டெக்ஸாஸில் கெர்வில் பக்கம் ஒரு மோட்டலில் இரவுக்கு 140 டாலருக்கு அறை போட்டு வைத்தேன். டெக்ஸாஸ் ஏன் என்றால், பல வருஷ ஏப்ரல் மாத மேகக் கணக்கைப் பார்த்தால் அமெரிக்காவுக்குள் பாதையின் தென்முனைதான் தெளிவாக இருக்கும், வடக்கே போகப்போக மேகம் அதிகம். முழு மறைவும் அங்கே நாலு நிமிஷத்துக்கு மேல். எல்லாம் பக்காவாக இருந்தது. பிப்ரவரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது: "சிஸ்டம் பிழை காரணமாக உங்கள் முன்பதிவு ரத்து செய்யப்படுகிறது." அன்று ராத்திரி அதே மோட்டலைத் தேடிப் பார்த்தால் அதே அறை, அதே தேதி, 550 டாலர்! போன் போட்டால் எடுத்தவருக்கு ஒன்றும் தெரியாது, மேனேஜர் இல்லை. முன்பதிவு செய்த தளத்தில் பேசிப் பேசி ஓய்ந்தபோது, வருத்தம் தெரிவித்து 50 டாலர் கூப்பன் கொடுத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அறை போட்டவுடன் செய்ய வேண்டியது இதுதான். நேராக அந்த விடுதிக்கே போன் செய்து, "அன்னிக்குக் கிரகணம், அதுக்காகத்தான் வர்றேன், விலை தெரிஞ்சுதான் கொடுத்தீங்களா?" என்று கேட்டுவிட வேண்டும். சரி என்றால் அதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சிறிய விடுதிகளுக்கு ஒரு வருஷம் முன்னால் கிரகணம் பற்றியே தெரிந்திருக்காது. தெரிய வந்ததும் முதலில் பறிபோவது பழைய விலைக்குப் போட்டவர்களின் அறைதான். இன்னொன்று, பாதைக்கு உள்ளேதான் தங்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி, கிரகணக் கூட்டம் நினைத்தே பார்க்காத ஊரில் வழக்கமான விலைக்கே அறை கிடைக்கும். விடிகாலையில் எழுந்து ஓட்டினால் போதும். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை, பதற்றத்தில் பக்கத்து ஊரில் இரண்டு இரவுக்கு 395 டாலர், பணம் திரும்பக் கிடைக்காது என்ற நிபந்தனையோடு இன்னொரு அறை எடுத்தேன். சான் அன்டோனியோவுக்கு 360 டாலரில் விமான டிக்கெட், அதுவும் அதே நிபந்தனைதான்.

கிரகணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வானிலை முன்னறிவிப்பைப் பார்க்க ஆரம்பித்தேன், அதோடு தூக்கம் போச்சு. டெக்ஸாஸ் மேல் முழுக்க மேகம். வடகிழக்கே, எல்லாரும் ஏப்ரலில் கைகழுவி விட்ட வெர்மாண்ட், மெய்ன் பக்கம், தெளிவு. பல வருஷக் கணக்கு சொன்னதற்கு அப்படியே தலைகீழ். முதல் இரண்டு நாள் நம்பவில்லை. வானிலையைக் கணிக்கும் ஒரு கணினி மாடல் சொன்னதை இன்னொன்று மறுக்கும், காலையில் ஒரு படம் வரும், ராத்திரி வேறு படம். மணிக்கொருமுறை பார்த்து நொந்த பிறகு ஒன்று புரிந்தது. ஐந்து நாளுக்கு முந்தைய மேகப் படத்துக்காக மனசை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு நாள் இருக்கும்போது எல்லா மாடலும் ஒரே திசையில் சாய ஆரம்பித்தால் அப்போது முடிவெடுக்கலாம். "மேகம் 60 சதவீதம்" என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்க்கவும் கூடாது. உயரத்தில் இருக்கும் மெல்லிய பஞ்சு மேகம் என்றால் கொரோனா அதன் வழியாகவே தெரியும். கீழே திரண்டு நிற்கும் கனத்த மேகம்தான் எமன். இரண்டையும் தனித்தனியாகக் காட்டும் படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

வெள்ளிக்கிழமை ராத்திரி முடிவெடுத்தேன், டெக்ஸாஸை விட்டுவிடுவது என்று. 755 டாலர் கண்ணெதிரே போகிறது. டிக்கெட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக மேகத்துக்கு அடியில் போய் நின்றால் காசும் போகும், கிரகணமும் போகும். இதை எழுதுவது சுலபம், அன்றைக்குப் படுக்கையில் புரண்டதுதான் நிஜம். அப்போது ஆறுதலாக நினைவுக்கு வந்தவர் பியர் ஜான்சென் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. 1870 டிசம்பரில் பாரிஸை எதிரிப் படை முற்றுகையிட்டிருந்தபோது மனிதர் பலூனில் ஏறித் தப்பித்து அல்ஜீரியா வரைக்கும் போனார், கிரகணம் பார்ப்பதற்காக. போய்ச் சேர்ந்தால் அங்கே மேகம் மூடிவிட்டது. மறுவருஷமே 1871 டிசம்பர் 12 கிரகணத்துக்கு நம் நீலகிரிக்கு வந்தார், அங்கே வானம் கைகொடுத்தது. ஒரு விமான டிக்கெட்டுக்கு நான் அழுவது கொஞ்சம் அதிகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் காரிலேயே கிளம்பி நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் போய்ப் படுத்தேன். பாதைக்கு வெளியே இருக்கும் ஊர் என்பதால் 120 டாலருக்கு அறை கிடைத்தது. ராத்திரியே டேங்கை நிரப்பி, ரொட்டி, பழம், நிறையத் தண்ணீர் வாங்கி, வரைபடத்தை இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி இறக்கி வைத்துக்கொண்டேன். இந்த மூன்றையும் செய்யாமல் தயவுசெய்து போகாதீர்கள். காலை நாலரைக்கு ஐ-87 சாலையில் வடக்கே கிளம்பினால், அந்த நேரத்துக்கே முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசை கட்டி நின்றன. ஆனாலும் ஓடியது. சாம்ப்லெயின் ஏரியின் மேற்குக் கரையில் பிளாட்ஸ்பர்க் பக்கம் ஒரு பூங்காவுக்கு எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தேன். அங்கங்கே பனித் திட்டு, மிச்சமெல்லாம் சேறு. புல்வெளியில் நிறுத்திய கார்களின் சக்கரம் சேற்றில் புதைந்து, நாலு பேர் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது. கொஞ்சம் நடந்தாலும் பரவாயில்லை என்று தார் போட்ட இடமாகப் பார்த்து நிறுத்தினேன். சாயங்காலம் அந்த முடிவை நினைத்து எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். இடம் பிடிக்கும்போது மின்கம்பம் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். இருட்டியதும் தெருவிளக்கு தானாக எரியும், அதன் கீழே நின்றால் வந்ததே வீண்.

கிரகணக் கண்ணாடி பற்றி ஒரு வார்த்தை. ஐஎஸ்ஓ 12312-2 என்ற சர்வதேசத் தரக் குறியீட்டை அச்சடித்திருந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம், போலியிலும் அதையேதான் அச்சடிக்கிறார்கள். அமெரிக்க வானியல் சங்கம் நம்பகமான விற்பனையாளர்களின் பட்டியலை வெளியிட்டிருந்தது, அதைப் பார்த்து வாங்கினேன். போட்டுப் பார்த்தால் சூரியனைத் தவிர எதுவும் தெரியக்கூடாது. வீட்டு ட்யூப்லைட் பளிச்சென்று தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். கீறலோ ஊசித்துளையோ இருந்தாலும் அப்படித்தான்.

இரண்டேகால் மணி வாக்கில் சூரியனின் ஓரத்தில் முதல் கடி விழுந்தது. முதல் ஒரு மணி நேரம், உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சலிப்புதான். பக்கத்தில் ஒரு பெரியவர் தொலைநோக்கியில் வடிகட்டி மாட்டி வைத்திருந்தார், வருவோர் போவோரையெல்லாம் கூப்பிட்டுக் கரும்புள்ளிகளைக் காட்டினார். முக்கால்வாசி மறைந்த பிறகுதான் வெளிச்சம் மாற ஆரம்பித்தது. இதை எப்படிச் சொல்ல? சாயங்கால வெளிச்சத்தில் ஒரு மஞ்சள் இருக்குமே, அது இல்லை. வெயில் அதே இடத்திலிருந்துதான் அடிக்கிறது, ஆனால் யாரோ பொத்தானைத் திருகிக் குறைப்பதுபோல உலோகச் சாயலில் மங்குகிறது. கையை நீட்டிப் பார்த்தால் தரையில் விழுந்த நிழலில் விரல் ஓரம் கத்திபோலக் கூர்மை, முன்கை ரோமம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. குளிர் ஏற ஆரம்பித்தது. கழற்றி வைத்த ஜாக்கெட்டை எல்லாரும் சொல்லி வைத்தாற்போல ஒரே நேரத்தில் எடுத்து மாட்டினோம். எதிரே ஒரு பனித் திட்டின் மேல் மெல்லிய சாம்பல் வரிகள் நெளிந்து ஓடின. கண்தான் ஏமாற்றுகிறதோ என்று நினைத்தேன், பெரியவர் கையைக் காட்டி "நிழல் பட்டை, நிழல் பட்டை!" என்று கத்தினார். பனி இல்லாத ஊர் என்றால் ஒரு வெள்ளை வேட்டியையோ படுக்கை விரிப்பையோ தரையில் விரித்து வையுங்கள். எப்போதும் தெரியும் என்று உத்தரவாதம் இல்லை, தெரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

பிறகு தென்மேற்கே மலைகளுக்கு மேல் வானம் கருநீலமாகக் கனத்தது. மழை மேகம் வருகிற மாதிரி இருந்தது, ஆனால் எந்த மழை மேகமும் அந்த வேகத்தில் வராது. நிலாவின் நிழல் அங்கே மணிக்கு 2000 மைலுக்கு மேல் வேகத்தில் ஓடியது. என் மேல் அது ஏறிய விநாடியில், எனக்கு எல்லாம் தெரியும், விநாடிக் கணக்குவரை படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், இருந்தும் அடிவயிற்றில் ஒரு பயம் எழுந்தது. ஓரத்தில் மணிமணியாக ஒளி உடைந்து, கடைசியில் ஒற்றை வைரப் பொட்டு மின்னி அணைந்தது. "கண்ணாடியைக் கழட்டுங்க!" என்று பெரியவர் குரல். கழற்றினேன். சூரியன் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம். அதைச் சுற்றி வெள்ளி நூல்களாக எல்லாத் திசையிலும் கொரோனா. அது சூரியன் கொந்தளிப்பின் உச்சத்தை நெருங்கியிருந்த காலம் என்பதால் நாலாபுறமும் முள்முள்ளாக விரிந்திருந்தது. வட்டத்தின் அடியில் ரத்தச் சிவப்பில் ஒரு பொட்டு, சூரியனிலிருந்து எழும்பிய தீப்பிழம்பு, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. வலப்பக்கம் கீழே வெள்ளி, இடப்பக்கம் மேலே வியாழன். அடிவானம் சுற்றிலும் சாயங்காலச் சிவப்பு. யாரோ அழுதார்கள், யாரோ ஊளையிட்டார்கள், நான் "ஐயோ, ஐயோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். போனில் பதிவாகியிருக்கிறது.

அந்தப் போன் விஷயமும் முக்கியம். எந்தப் படம் வேண்டுமானாலும் நீங்கள் எடுப்பதைவிட நூறு மடங்கு நன்றாக மறுநாளே இணையத்தில் வந்துவிடும். நான் போனை ஸ்டாண்டில் வைத்துக் கூட்டத்தையும் ஏரியையும் பார்க்கிற மாதிரி திருப்பி, ஐந்து நிமிஷம் முன்பே வீடியோவை ஓடவிட்டுவிட்டேன். எனக்குப் பக்கத்தில் நின்ற இளைஞர், நல்ல விலையுயர்ந்த கேமரா, வடிகட்டியைக் கழற்ற முடியாமல் திருகித் திருகியே முக்கால்வாசி நேரத்தைத் தொலைத்தார். நிமிர்ந்து பார்த்தபோது மறுபக்கத்தில் வைரப் பொட்டு மின்னிவிட்டது. நிழல் எங்களை விட்டுவிட்டு ஏரியின் மேல் ஏறிக் கிழக்கே வெர்மாண்ட் மலைகளை நோக்கி ஓடியதையும் அவர் பார்க்கவில்லை. முதல் கிரகணம் என்றால் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வெளிச்சம் திரும்பிய கணமே கண்ணாடியை மறுபடி மாட்டவும் மறக்காதீர்கள். பரவசத்தில் பலர் மறப்பது அங்கேதான்.

இனி நரகம். வரும்போது மக்கள் இரண்டு மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்கிறார்கள், திரும்பும்போது அத்தனை பேரும் ஒரே நிமிஷத்தில் கிளம்புகிறார்கள். சூரியன் இன்னும் பாதி மறைந்திருக்கும்போதே பூங்காவில் இன்ஜின் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. நானும் நாலரைக்குக் கிளம்பினேன். ஐ-87இல் ஏறவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, ஏறிய பிறகு ஊர்வலம். அடிரோண்டாக் காட்டுக்குள் போகும் அந்தச் சாலையில் பல மைலுக்கு வெளியேறும் வழியே கிடையாது, போனில் சிக்னலும் இல்லை. மாற்று வழி என்று உள்சாலையில் திரும்பியவர்களெல்லாம் அங்கே மாட்டிக்கொண்டு நின்றதை மேலிருந்தே பார்த்தேன். ஓய்விடத்தில் கழிப்பறை வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைந்திருந்தது. ஆண்கள் காட்டோரம் ஒதுங்கினார்கள், பெண்களும் குழந்தைகளும் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டரை மணி நேரத்து ஆல்பனிக்கு நள்ளிரவு தாண்டித்தான் வந்தேன். கூட ஓட்ட ஆளில்லை. கண் சொருகியது, ஒருமுறை ஓரக்கோட்டுச் சரளையில் சக்கரம் ஏறிக் கரகரத்த சத்தத்தில்தான் விழித்தேன். உடல் நடுங்கிவிட்டது. அடுத்த ஓய்விடத்தில் காரிலேயே படுத்துவிட்டு, விடிந்த பிறகு வீடு வந்து சேர்ந்தேன். செவ்வாய்க்கிழமை லீவு போடாததால் சம்பளத்தில் ஒரு நாள் கழிந்தது. நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் போன நண்பர் குடும்பத்துக்கு இதைவிட மோசம். அங்கே ஐ-93 மலைக் கணவாயில் ஒற்றைத் தடமாகச் சுருங்குவதால் பத்து மணி நேரத்துக்கும் மேலாகக் கைக்குழந்தையோடு நகர்ந்திருக்கிறார்கள்.

ஆகவே அறை போடுவதென்றால் கிரகணத்துக்கு முந்தின ராத்திரியைவிடக் கிரகண ராத்திரிக்குப் போடுங்கள். அந்த ராத்திரிக்குப் பெரும்பாலும் விலையும் குறைவாகவே இருக்கும். முடியாவிட்டால் இருந்த இடத்திலேயே சமைத்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, விடிகாலையில் கிளம்புங்கள். கார் நிரம்ப ஆள் இருந்தால் ஓட்டத் தெரிந்தவர் இரண்டு பேராவது இருக்கட்டும். மறுநாள் விடுமுறையை முதல் வேலையாக எழுதிக் கொடுங்கள்.

டெக்ஸாஸ் கதை கேட்பீர்களே. நான் அறை போட்டிருந்த பக்கம் மேக இடுக்கில் விட்டுவிட்டுத் தெரிந்ததாம். டல்லாஸில் இருக்கும் கல்லூரி நண்பனுக்கோ கடைசி நேரத்தில் மேகம் விலகி நன்றாகவே தெரிந்திருக்கிறது, அதைச் சொல்லி இன்றுவரை வெறுப்பேற்றுகிறான். விமான நிறுவனம் ஒரு பைசா தரவில்லை. விடுதிக்கு மூன்று கடிதம் எழுதியதில் ஒரு இரவுக் காசு மட்டும் திரும்பி வந்தது. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு அடுத்த முழுக் கிரகணம் 2034 மார்ச் 20, அதுவும் காஷ்மீர், லடாக் பக்கம்தான். அதற்கு முன் 2027 ஆகஸ்ட் 2 இருக்கிறது. எகிப்தில் லக்சர் ஊர்ப்பக்கம் ஆறு நிமிஷத்துக்கு மேல் மறையும், ஆகஸ்டில் அங்கே மேகம் என்பதே அபூர்வம். வெயில் கொளுத்தும், சுற்றுலாக் கம்பெனிகள் விலையை எங்கேயோ கொண்டுபோய் வைத்திருக்கின்றன, ஆனாலும் மேகப் படம் பார்த்துக் கண் பூத்துப்போக வேண்டியதில்லை. இந்த முறை தம்பியையும் இழுத்துக்கொண்டு போகிறேன். டிக்கெட் போடும்போது ரத்து நிபந்தனையைப் படிக்கிற வேலையை அவனிடம் விட்டிருக்கிறேன்.